சிட்டுவுக்குக் கோத்த வளையல்

ஜனவரி 14

பொங்கல். பண்ணையில் நானும் வாட்ச்மேனும் மாடுகளும்தான். காலையிலேயே கோவில்பட்டியிலிருந்து அம்மாவின் போன். "ஏட்டி இசக்கி, தெருவுல எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்தாச்சு. மாட்டுக் கரு என்ன உன்னைத் தேடி அழவா போவுது?" அழாது, பட்டினி கிடந்து செத்துப்போகும் என்றேன். பண்டிகை நாளில் வாயில் நல்ல வார்த்தை வராதா என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

சொன்னது உண்மைதான். லேபில் சூட்டுப்பெட்டிக்குள் முப்பத்தெட்டரை டிகிரியில் பதினொரு கருக்கள் இருக்கின்றன. எல்லாம் ராணியின் சினைமுட்டைகள். ராணிக்கு வயது பதினான்கு. இந்த வட்டாரத்தில் அவளைப் போன்ற காங்கேயம் பசு இன்னொன்று இல்லை, இனி அவளிடம் முட்டை எடுக்கவும் முடியாது, இதுதான் கடைசி என்று எங்கள் லேப் தலைவர் வைத்தியலிங்கம் சார் சொல்லிவிட்டார். இந்தக் கருக்களை ஏழு நாள் கண்ணாடித் தட்டில் வளர்த்து வேறு பசுக்களின் கருப்பையில் வைக்க வேண்டும். அந்த ஏழு நாளும் இவற்றுக்கு நான்தான் தாய், தந்தை, சமையல்காரி எல்லாம்.

இன்று மூன்றாம் நாள். ஊட்டத் திரவத்தை மாற்றியே தீர வேண்டும். புதுத் திரவம் இருக்கும் பார்சல் கோயம்புத்தூர் கூரியர் ஆபீசில் லீவு கொண்டாடுகிறது. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. சார் குலதெய்வம் கோவிலில் இருக்கிறார், சிக்னல் கிடைக்கவில்லை. மதியம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையிருப்பில் இருந்ததை வைத்துச் சமாளித்தேன்.

வாட்ச்மேன் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கம்மி.

ஜனவரி 18

பதினொன்றில் ஏழு தேறிவிட்டன! வழக்கமாக மூன்று, அதிர்ஷ்டம் இருந்தால் நான்கு. அதுவும் என்ன அழகு! உருண்டையாக, பளபளவென்று, குறித்த நேரத்துக்கு முன்பே வளர்ந்து நிற்கின்றன. எட்டாம் நம்பர் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சார் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இசக்கி, உன் கையில ஏதோ இருக்கு" என்றார். ஏழு வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

எங்களுக்குக் கருவை எடைபோடும் தராசு கிடையாது. கண்ணால் பார்ப்போம். அழகாக இருந்தால் முதல் தரம்.

ஒன்றை உறைய வைத்துவிட்டு, ஆறை ஐஸ்பெட்டி போன்ற சூட்டுப்பெட்டியில் எடுத்துக்கொண்டு டாக்டர் பீர்முகமதுவுடன் ஊர் ஊராகப் போனேன். கருவைப் பசுவுக்குள் வைப்பது அவர் வேலை. எட்டாம் நம்பர் கரட்டுப்புதூர் ராமாத்தாள் வீட்டுக் கிடாரிக்கு. பெயர் சிட்டு. மயிலை நிறம், சின்ன உடம்பு, இதுதான் முதல் சினை. கையை நீட்டினால் உள்ளங்கையை நக்கியே தோலை உரித்துவிடும் போலிருந்தது.

"ஏனுங் டாக்டரம்மா, பொறக்கற கன்னு சிட்டுவோடதுங்களா, உங்க ராணியோடதுங்களா?" என்று கேட்டார் ராமாத்தாள். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டரம்மாதான். ராணியோடது, சிட்டு சுமக்க மட்டும்தான் செய்யும் என்றேன்.

"அதெப்பிடீங். சொமக்கறவளுதுதானுங் கன்னு" என்று முடித்துவிட்டார்.

ஜனவரி 19

பதிவேட்டில் நிறைய எழுத வேண்டியிருந்தது. எல்லாப் பத்திகளையும் நிரப்பினேன். தலைவலி.

பிப்ரவரி 25

ஆறில் நான்கு சினை பிடித்திருக்கிறது. சிட்டுவும். ராமாத்தாள் ஒரு தூக்குப்போசி நிறைய வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தனுப்பினார். சார் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் இசக்கி செய்த மாதிரியே செய்யுங்கள் என்றார். நான் கச்சாயத்தை வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை.

ஏப்ரல் 26

கருவின் நூற்று ஐந்தாம் நாள் ஸ்கேன். சிட்டு அசையாமல் நின்றது. பீர் டாக்டர் திரையைப் பார்த்தார், அளந்தார், மறுபடி அளந்தார்.

"என்னம்மா, கரு வச்ச தேதியைச் சரியாத்தான் எழுதினீங்களா?"

"சரிதான் டாக்டர். நீங்களும்தானே இருந்தீங்க."

"அப்ப கன்னு ஏன் மூணு வாரம் முந்தி நிக்குது?"

ராமாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ற சிட்டு பாரு, கன்னை எப்பிடி வளத்துது!" என்று அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டது வீண் போகவில்லை என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் அப்போதே சொல்லப் போய்விட்டார்.

பண்ணைக்குத் திரும்பி வந்து இரண்டு வாளி துணி துவைத்தேன்.

மே 9

வெயில். போர் தண்ணீர் சேறாக வருகிறது.

ஜூன் 3

நான்கில் ஒன்று கலைந்துவிட்டது. மூலனூர்ப் பக்கத்துப் பசு. வயிற்றில் கன்றை விடத் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்துவிட்டதாம்.

சார் இந்த நான்கு நாளும் பெங்களூரில், எங்கள் ஏழு கருக்களைப் பற்றிப் பேசப் போயிருக்கிறார். எனக்குப் படம் அனுப்பினார். பெரிய திரையில் என் எட்டாம் நம்பர், அதன் கீழே என் பெயர். அம்மாவுக்கு அனுப்பினேன். "ஏதோ முட்டைக்கோசு மாதிரி இருக்கு, நல்லா இரு" என்று பதில் வந்தது.

இங்கே எழுதுவதில் என்ன பயம். இதை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் கை வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 4

எழுதிவிடுகிறேன். பொங்கலன்று ஃப்ரீசரின் அடித்தட்டில் ஒரு பாட்டில் சீரம் இருந்தது. தோல் செல் வளர்ப்பதற்காக வாங்கியது. ஃப்ரீசர் கதவில் சாரின் கையெழுத்தில், சிவப்பு மையில், "கருவுக்குச் சீரம் கூடாது" என்று ஒட்டியிருக்கும். நான் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தாள் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

பழைய நாளில் எல்லோரும் சீரம்தான் ஊற்றினார்கள். கரு நன்றாக வளரும், வேகமாக வளரும். அந்த வேகத்தில்தான் வினை. ஜீனில் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனால் எந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும், எது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அதன் மேல் குறி இருக்கும். அந்த முதல் ஏழு நாளில்தான் பல குறிகள் அழிந்து மறுபடி எழுதப்படுகின்றன. அந்தச் சமயத்தில் தட்டில் என்ன ஊற்றினோமோ, அது ஒன்பது மாதம் கழித்து வயிற்றுக்குள் தெரியும். நிற்க வேண்டிய வளர்ச்சி நிற்காது. எல்லாக் கருவுக்கும் அப்படி ஆவதில்லை. ஆகாது என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றையும் பட்டினி போட்டுக் கொல்ல என்னால் முடியவில்லை. அதுதான் காரணம். ராணியின் கடைசி முட்டைகள். ஒன்றாவது பிழைக்கட்டும் என்று பார்த்தேன், ஏழு பிழைத்தன. சார் வந்ததும் சொல்லியிருந்தால் ஏழையும் குப்பையில் போடச் சொல்லியிருப்பார். பதிவேட்டில் ஊட்டத் திரவம் என்ற இடத்தில் "வழக்கமானது" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்தான்.

சார் திங்கட்கிழமை வருகிறார். சொல்லிவிடுவேன்.

ஜூன் 6

சார் வந்தார். எல்லோருக்கும் மைசூர்பாகு. அவர் மகள் நிச்சயதார்த்தம் வேறு. பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. பண்ணையில் தீவனப் புல் அறுப்பு.

ஆகஸ்ட் 22

சிட்டுவுக்கு வளைகாப்பு.

ஆவணி பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று ராமாத்தாள் போன வாரமே ஆள் அனுப்பியிருந்தார். எனக்குப் போக விருப்பமில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. கட்டுத்தறியைச் சாணம் தெளித்துக் கோலம் போட்டு, மாவிலை கட்டி, ஐந்து வகைச் சோறு கிளறி வைத்திருந்தார்கள். எலுமிச்சைச் சாதத்தைச் சிட்டுவுக்கு ஊட்டினால் துப்பிவிட்டது, சர்க்கரைப் பொங்கலை மட்டும் தின்றது. பெண்கள் சிரித்து உருண்டார்கள். கண்ணாடி வளையல்களைச் சரமாகக் கோத்துக் கொம்பிலும் கழுத்திலும் கட்டினார்கள். தலையை ஆட்டும்போதெல்லாம் கிலுகிலுவென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அதற்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது.

வந்த பெண்களுக்கெல்லாம் சிட்டுவுக்குக் கோத்ததிலிருந்தே ஆளுக்கு இரண்டு பச்சை வளையல். என் கைக்கு அளவு சின்னது. வேண்டாம் என்றேன். ராமாத்தாள் விடவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, கட்டை விரலை மடக்கி, மெல்ல மெல்ல ஏற்றிவிட்டார்.

"கருவைக் கொண்டாந்து குடுத்தவ நீயி. உனக்குப் போடாம ஆருக்குப் போடறது அம்மிணி?" இன்றுதான் முதல்முறையாக டாக்டரம்மாவை விட்டுவிட்டு அம்மிணி என்று கூப்பிட்டார்.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "ஏஞ்சாமி, வயிறு ரொம்பப் பெருசாத் தெரீதே. ஒண்ணும் இல்லீல்ல? எல்லாம் நல்லாருக்குதல்ல?"

"நல்லாருக்குங்க" என்றேன்.

பாயசம் நன்றாக இருந்தது. இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்ட் 24

வளையல் கழல மாட்டேன் என்கிறது. உடைத்தால்தான் வரும். லேபில் கண்ணாடி வளையலா என்று சார் முறைத்தார். அதன் மேலேயே நீளக் கையுறை மாட்டிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 21

சிட்டு படுத்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறது. தீவனம் குறைந்துவிட்டது. பீர் டாக்டர் பரிசோதித்துவிட்டுத் தொட்டியில் கை கழுவினார். சோப்பு போட்டு, முழங்கை வரை, வெகுநேரம் கழுவினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இசக்கி, நான் உங்க சார்கிட்ட கேக்கல. தட்டுல வச்சிருந்தது உங்க கை. அதான் உங்ககிட்ட கேக்கறேன். வளக்கறப்ப ஏதாவது மாத்திச் செஞ்சீங்களா?"

"ஏன் டாக்டர்?"

"இது வெறும் பெரிய கன்னா, இல்ல வளர்ச்சி கெட்ட கன்னான்னு தெரியணும். கெட்ட கன்னுன்னா நாள் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அடுத்த வாரமே ஊசி போட்டு இறக்கிடுவேன். கன்னு போனாலும் மாட்டைக் காப்பாத்திடலாம். சாதாரணக் கன்னா இருந்தா, முன்னாடியே இறக்கி நானே கொன்ன மாதிரி ஆயிடும். அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஒன்றும் மாற்றவில்லை என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, சரி, காத்திருப்போம் என்றார்.

இன்று புரட்டாசி முதல் புதன். மெஸ்ஸில் கோழிக்குழம்பு இல்லை.

செப்டம்பர் 22

அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 30

நாளை சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 8

பீர் டாக்டர் திருச்சியில் ஏதோ பயிற்சிக்குப் போயிருக்கிறார். பதினைந்தாம் தேதி வருகிறார். போனில் சொல்லும் விஷயமா இது?

அக்டோபர் 16

சிட்டு போய்விட்டது.

விடிந்து ஆறு மணிக்கு ராமாத்தாளின் கணவர் போன் செய்தார். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரம், ஒரு குளம்பு மட்டும் தெரிகிறது, அதுவும் எருமைக் குளம்பு போல் இருக்கிறது என்றார். பீர் டாக்டரும் நானும் போய்ச் சேர்ந்தபோது சிட்டு நின்றுகொண்டிருந்தது. கண் மட்டும் வேறு எங்கோ இருந்தது. கை விட்டுப் பார்த்த டாக்டர் ஒரு நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார். "வராது. அறுக்கணும்" என்றார்.

கட்டுத்தறியிலேயே, இடது விலாவில் மருந்து ஏற்றிக் கிழித்தார். விளக்கு தேவைப்படவில்லை, நல்ல வெயில். நான் குடலை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டேன். கன்றை வெளியே இழுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அந்த இழுப்பில் சிட்டுவின் பின்னங்கால்கள் மடங்கின. படுத்தது. கருப்பை கிழிந்து ரத்தம் நிற்கவே இல்லை. டாக்டர் தைத்துக்கொண்டே இருந்தார். தைத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி கிழிந்தது. ராமாத்தாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரி சாமி, உன்ற கன்னைப் பாரு, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொம்பில் வளையல் சரம் இன்னும் இருந்தது. ஒன்பது மணிக்கு முன்பே அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

கன்று உயிரோடு இருந்தது. கிடாரிக் கன்று. சாக்கில் கட்டித் தூக்கி எடைபோட்டோம், நாற்பத்தேழு கிலோ. இந்த இனத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான் இருக்க வேண்டும். நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. தொப்புள் மூடவில்லை. புட்டியை வைத்தால் சப்பத் தெரியவில்லை. இறந்த தாயின் மடியிலிருந்து ராமாத்தாள் சீம்பால் கறந்தார். அதைச் செய்ய அவருக்கு எப்படிக் கை வந்ததோ. விரலில் தொட்டுத் தொட்டு அந்த நாக்கில் வைத்தார்.

எட்டாம் நம்பர். மைக்ராஸ்கோப்பில் பார்த்து அழகு என்று சொன்னேனே, அதேதான். மூன்று மணிக்கு அதுவும் போய்விட்டது.

நஞ்சுக்கொடி ஒரு வாளி நிறைய இருந்தது. இங்கே அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், தாய்க்குப் பால் நிறைய ஊற வேண்டும் என்று. ராமாத்தாளின் கணவர் வைக்கோலை எடுத்து வைத்துவிட்டு, இனி எதற்கு என்று நின்றுவிட்டார். பரிசோதனைக்கு வேண்டும், கொடுப்பீர்களா என்று கேட்டேன். எனக்கு அப்படிக் கேட்க வாய் வந்தது.

"கொண்டுபோ அம்மிணி" என்றார் ராமாத்தாள். "ஏன் இப்பிடி ஆச்சுன்னு பாத்து எனக்கு வந்து சொல்லு. நானென்ன தப்புப் பண்ணுனேன்னு எனக்குத் தெரியோணும். தீனி சாஸ்தி போட்டுட்டனோ என்னமோ."

அக்டோபர் 17

காலையில் முதல் வேலையாகச் சாரின் அறைக்குப் போனேன். பீர் டாக்டரையும் வரச் சொன்னேன். பதிவேட்டை விரித்து "வழக்கமானது" என்ற சொல்லைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பொங்கல், பாட்டில், சிவப்பு மைத் தாள், செப்டம்பர் இருபத்தொன்று.

சார் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கா நான் நடந்துக்கிட்டேன்?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருக்கலாம்.

பீர் டாக்டர் மீதி இரண்டு பசுக்களின் முகவரியைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டுக்கும் இன்றே ஊசி.

அக்டோபர் 19

ஒரு கன்று இறந்து பிறந்தது. ஒன்று முப்பத்தொரு கிலோ, மூச்சுத் திணறல், பிழைக்கலாம். இரண்டு தாய்களும் நன்றாக இருக்கின்றன. நின்று தண்ணீர் குடிக்கின்றன.

அப்படியென்றால் சிட்டுவும் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். ஊசி இருந்தது, டாக்டர் இருந்தார், நாள் இருந்தது. அதைக் கொன்றது சீரம் இல்லை. பொங்கலன்று நான் செய்தது தவறு. செப்டம்பரில் செய்ததற்குப் பெயர் வேறு.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை. அது நடக்கட்டும்.

அக்டோபர் 23

கரட்டுப்புதூர் போய் வந்தேன். பஸ்ஸில் போனேன். பண்ணை வண்டியில் போக இப்போது எனக்கு உரிமையில்லை.

கட்டுத்தறி காலியாக, கூட்டிச் சுத்தமாக இருந்தது. முளைக்குச்சியில் கயிறு மட்டும் சுற்றி வைத்திருந்தார்கள். ராமாத்தாள் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வளையலைப் பார்த்துவிட்டு, "இன்னும் போட்டிருக்கறயா சாமி" என்று அழுதார். காபி வைக்கப் போனவரை உட்காரச் சொல்லி, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, தீனியால் இல்லை, நான்தான் என்று ஆரம்பித்தேன்.

புரியும்படி சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். அவர் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கேட்டார்.

"அந்தத் தண்ணி என்ன தண்ணீங்?"

"கன்னோட ரத்தத்துல இருந்து எடுக்கறது. வயித்துல இருக்கற கன்னு. வெளிநாட்டுல சினை மாட்டை அறுக்கறப்ப…"

"போதும்" என்றார்.

கோழி ஒன்று உள்ளே வந்தது. அதை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"வளைகாப்பு அன்னைக்கு நான் உங்கிட்டக் கேட்டனே அம்மிணி. அப்பவே உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல நினைத்தால் அதற்கும் ஒரு வழி இருந்தது. சந்தேகம்தான், உறுதியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியுமுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து உள்ளே போனார். போய்விடு என்பதாக எடுத்துக்கொண்டு நானும் எழுந்தேன். ஆனால் அவர் ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் சோப்பை நுரைக்கத் தேய்த்தார்.

"உடைக்கக் கூடாதுங். வாயில்லா சீவனுக்குன்னு கோத்தது" என்றார். "தெரியாதவங்க கையில இருந்தாப் பரவால்ல. தெரிஞ்ச கையில இருக்கப்படாது."

கட்டை விரலை மடக்கினார். அன்றைக்கு ஏற்றியது போலவே மெல்ல, வலிக்காமல், ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு கீறல்கூட விழவில்லை. இரண்டையும் தண்ணீரில் அலசி முந்தானையில் முடிந்துகொண்டார். என் கையையும் கழுவித் துடைத்துவிட்டார்.

"அஞ்சரை பஸ்ஸு வந்துரும். போங்க டாக்டரம்மா" என்றார்.